பேக்கிங் தகடும் சிவப்புப் பசையும்

மோட்டார் இயந்திரத்துக்குள் பெட்ரோல் எப்படி எரிகிறது என்பதை விஸ்தாரமாக எடுத்துரைக்கும் நூல்கள் பல. எரிந்து முடிந்த வாயு என்ன நிலையில், எந்த வழியாக, எத்தனை மூட்டுகளைக் கடந்து வெளியேறுகிறது என்பதைச் சற்று நின்று கவனிக்கும் நூல்களோ சில. வேலையை முடித்துவிட்டவர்களிடம் உலகம் காட்டும் அலட்சியம் வாயுக்களுக்கும் உண்டு போலும். ஆனால் சிலிண்டருக்குள் 2000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறி, பிஸ்டனைக் கீழே தள்ளி முடித்த பிறகும், அந்த வாயு தன் வீரியத்தை முழுவதும் இழந்துவிடுவதில்லை. வெளிப்போக்கு வால்வு திறக்கும் கணத்தில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரையிலும், அதன் உஷ்ணம், பெட்ரோல் இயந்திரம் முழுப் பாரத்தையும் இழுக்கும் வேளையில், 800 முதல் 900 டிகிரி வரையிலும் இருப்பது சாதாரணம். டீசல் இயந்திரத்தில் உஷ்ணம் இதைவிடக் குறைவு. நான்கு சிலிண்டர் உள்ள இயந்திரம் நிமிஷத்துக்கு 3000 சுற்று என்ற வேகத்தில் ஓடுமானால், இத்தகைய மூச்சுகள் வினாடிக்கு நூறு வீதம் குழாயினுள் பாய்ந்துகொண்டே இருக்கும்.

அவை பாய்கிற வழி ஒரே வார்ப்பாக அமைந்ததன்று. சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் மேனிஃபோல்டு என்னும் கிளைக்குழாய். அதன் அடியிலிருந்து இறங்கும் குழாய். அதையடுத்து, நச்சு வாயுக்களை மாற்றியமைக்கும் காட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிறகு வண்டியின் அடிப்பாகத்தில் நீண்டு செல்லும் குழாய். கடைசியாக சைலன்ஸர், அதன் வால்முனை. வழிநெடுக உஷ்ணம் படிப்படியாகக் குறைந்து, வால்முனையில் நூறு அல்லது இருநூறு டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைச் சந்திக்கும் இடம் ஒரு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு உலோக முகங்கள், அவற்றை நெருக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள், இடையே மெல்லியதொரு தகடு அல்லது வளையம். கேஸ்கெட் என்று இயந்திர நூல்களும் பேக்கிங் என்று நம் பட்டறைகளும் வழங்கும் அந்தத் தகடு கிழிந்தோ கருகியோ போன சமயத்தில், புதிய தகடு கடையில் அகப்படாமலோ, அகப்பட்டும் விலை கட்டாமலோ போகுமானால், குழாயிலிருந்து பிதுக்கியெடுத்த சிவப்புப் பசையை முகங்களின்மேல் தடவி முறுக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. பசைக்குழாயின்மேல் 650 டிகிரி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதும் அந்த எண்ணத்துக்குத் தூபம் போடும். அந்த 650 பெரும்பாலும் பாரன்ஹீட் கணக்கு என்பதையும், சென்டிகிரேடில் அது ஏறத்தாழ 343 தான் என்பதையும், அந்த உஷ்ணமும் இடையிடையே சிறிது நேரம் தாங்கக்கூடிய எல்லையே தவிர இடைவிடாது தாங்குவது 260 டிகிரி அளவுதான் என்பதையும் அருகிலுள்ள பொடி எழுத்துகள் சொல்லும். அவற்றைப் படிக்கும் பொறுமை, எண்ணெய்க் கையுடன் வண்டிக்கடியில் படுத்திருப்பவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இரண்டு உலோக முகங்கள் சந்திக்கும்போது இடையில் ஒரு பொருள் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் ஆராய்வோம். கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும், கடைசல் இயந்திரத்திலிருந்து வந்த எந்த முகமும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்ததே. இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மேடுகள் சிலவே ஒன்றையொன்று தொடும், மற்ற இடமெல்லாம் இடைவெளியாகவே நிற்கும். அந்த இடைவெளி வழியாகக் கசியும் வாயுவின் அளவு இடைவெளியின் உயரத்தை மட்டும் சார்ந்திராமல் அதன் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது என்பது பாய்பொருள் இயலின் அடிப்படைப் பிரமாணங்களில் ஒன்று. உயரம் பாதியானால் கசிவு எட்டில் ஒரு பங்காகிவிடும். உயரம் இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கோணல்கூட மேனிஃபோல்டு முகத்தில் பொருட்படுத்த வேண்டிய குறையாவது இதனால்தான். முகங்களையே பூரண சமதளமாக்கிவிட்டால் இடையில் எதுவும் வேண்டியதில்லை என்று நினைத்தவர்களும் உண்டு. 1840-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோஸப் விட்வொர்த், மூன்று தட்டுகளை மாறி மாறி ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டுவதால் உண்மையான சமதளத்தை அடையலாம் என்று விளக்கினார். அவர் காட்டிய வழியில் சுரண்டிய முகங்கள் நீராவி இயந்திரங்களில் பேக்கிங் இன்றியே பொருந்தி நின்றதும் உண்டு. மோட்டார் உலகிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1955-ல் வெளிவந்த செவ்ரோலெட்டின் சிறிய வி-8 இயந்திரத்துக்கு வார்ப்பிரும்பு ஹெட்டும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் அமைந்திருந்தன. பல ஆண்டுகள் வரை தொழிற்சாலை அவ்விரண்டையும் இடையே எந்தத் தகடுமின்றி நேரடியாகவே முறுக்கி அனுப்பியது. புதிய வார்ப்பு, புதிதாக இழைத்த முகம், இரு புறமும் ஒரே உலோகம் என்ற மூன்று அனுகூலங்களும் சேர்ந்தபோது அது நன்றாகவே நடந்தது. ஓடிப் பழகி, சூட்டில் வளைந்துவிட்ட பழைய மேனிஃபோல்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே நெருக்கத்தில் நசுங்கிப் பள்ளங்களை நிரப்பவும், நெருக்கம் சற்றுத் தளரும்போது மீண்டும் புடைத்தெழவும் வல்ல ஒரு பொருள் வேண்டும். அதுவும் நெருப்பில் கெடாததாக இருக்க வேண்டும். வெகுகாலம் இந்த ஸ்தானத்தைக் கல்நார் வகித்தது. செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்துச் செய்த பேக்கிங்குகள் சூட்டையும் நசுக்கையும் ஒருங்கே தாங்கின. அதன் தூள் நுரையீரலுக்குள் சென்று தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் கொடிய புற்றுநோயாக வெளிப்படுகிறது என்பது, குறிப்பாக 1960-ல் தென்னாப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பிரதேசத்திலிருந்து வெளியான ஆராய்ச்சிக்குப் பிறகு, மறுக்க முடியாத உண்மையாயிற்று; பல நாடுகள் அதை ஒவ்வொன்றாகத் தடை செய்தன. அதன் இடத்துக்கு வந்தவை எஃகு வலையின்மேல் அழுத்திய கிராஃபைட், அப்பிரகத் தகடு, வில்போல் மீளும் எஃகுத் தகடுகள் இரண்டு மூன்றை அடுக்கி அவற்றில் வரிமேடு எழுப்பிய பல்லடுக்கு பேக்கிங் ஆகியவை. கிராஃபைட் காற்றுப்பட்ட இடத்தில் 450 டிகிரி சுமாரிலேயே மெல்ல எரியத் தொடங்கிவிடும். எனினும் இரு உலோக முகங்களுக்கிடையே ஒடுங்கியிருக்கையில் அதன் ஓரம் மட்டுமே காற்றைக் காண்பதால் அது நீண்ட நாள் உழைக்கிறது. பல்லடுக்கு எஃகுத் தகட்டுக்கோ அந்தக் கவலையும் இல்லை.

இனி அந்தச் சிவப்புப் பசையின் வரலாற்றுக்கு வருவோம். அது சிலிகான் ரப்பர். அதன் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் ஃபிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங் என்ற ரசாயனப் பேராசிரியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது வருஷம், சிலிக்கன் என்னும் தனிமத்தைக் கரியணுக்களுடன் பிணைத்துப் புதிய பதார்த்தங்களைப் படைத்து வந்தார். அவர் விரும்பியவை அழகிய படிகங்கள்; பாத்திரத்தின் அடியில் அடிக்கடி வந்து சேர்ந்தவையோ பிசின் போன்ற பிண்டங்கள். அவற்றைத் தொல்லை என்றே கருதிய அவர், 1930-களில் நிகழ்த்திய ஒரு பிரசித்தமான சொற்பொழிவில், இந்தத் துறையிலிருந்து சமீப காலத்தில் பெரிய பலன் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று அபிப்பிராயம் தெரிவித்தார். அந்தப் பிசினையே தேடிக்கொண்டு அமெரிக்காவில் வேறு சிலர் புறப்பட்டிருந்தனர். கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் ஹைட், கண்ணாடி இழையாலான மின்காப்பு நாடாவுக்குச் சூடு தாங்கும் பூச்சு ஒன்றைத் தேடியபோது சிலிகான் ரெசின்களைக் கண்டார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜின் ரோச்சோ, 1940 மே மாதத்தில், சிலிக்கன் தூளையும் செம்பையும் கலந்து சூடாக்கி அதன்மேல் மெதில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, சிலிகானுக்கு வேண்டிய மூலப்பொருளை மலிவாகப் பெறும் வழியைக் கண்டார். ஜெர்மனியில் ரிச்சர்டு முல்லரும் தனியே அதே முறையை அடைந்தார். யுத்தம் உச்சத்திலிருந்த 1943-ல் டௌ கார்னிங் நிறுவனம் தோன்றியது. அதன் ஆரம்பச் சரக்கு, உயரப் பறக்கும் விமானங்களின் மின்பொறி அமைப்பில் ஈரம் புகாமல் அடைக்கும் ஒரு களிம்பு. கிப்பிங் தம் கடைசிக் காலத்தில் இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

இந்தப் பதார்த்தத்தின் பலம் அதன் முதுகெலும்பில் இருக்கிறது. நாம் அறிந்த மற்ற ரப்பர்கள் கரியணுவோடு கரியணு கோத்த சங்கிலிகள். சிலிகானிலோ சிலிக்கனும் பிராணவாயுவும் மாறி மாறி வரும் சங்கிலி, மணலிலும் கண்ணாடியிலும் காணும் அதே பிணைப்பு. கரி-கரிப் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு 350 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவான சக்தி போதும்; சிலிக்கன்-பிராணவாயுப் பிணைப்புக்கு ஏறத்தாழ 450 வேண்டும். சாதாரண ரப்பர் 150 டிகிரியிலேயே விறைத்து வெடிக்க, சிலிகான் 200-ஐத் தாண்டியும் தன் குணம் மாறாதிருப்பதற்கு இதுவே காரணம். மேலும் அந்தச் சங்கிலி மிகவும் நெகிழ்ச்சியானது. எளிதில் வளையும், திரும்பும். ஆகையால் கடுங்குளிரிலும் ரப்பராகவே இருக்கும். 1969-ல் சந்திரன்மேல் ஊன்றிய காலணிகளின் அடித்தளம் சிலிகான் ரப்பரால் ஆனது என்பது பலரும் அறிந்ததே.

குழாயிலிருந்து பிதுக்கும் வகையோ தனி விசேஷம் உடையது. அது உறைவதற்கு உலையோ அழுத்தமோ வேண்டாம். காற்றிலுள்ள ஈரமே போதும். சங்கிலி நுனிகளில் மாட்டியிருக்கும் சிறு மூலக்கூறுகளை ஈரம் விடுவிக்க, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ரப்பராகிவிடும். பழைய ரகங்களில் இவ்வாறு விடுபடுவது அசிட்டிக் அமிலம். தடவிய சிறிது நேரத்தில் பட்டறையெங்கும் வீசும் வினிகர் வாடை அதனுடையது. எண்ணெய்த் தொட்டி, டைமிங் மூடி, தண்ணீர்ப் பம்பு, கியர்ப்பெட்டி ஆகிய இடங்களில் வெட்டிய காகிதப் பேக்கிங்குக்குப் பதிலாக இந்தப் பசையைத் தொழிற்சாலைகளே பயன்படுத்தத் தொடங்கின. அங்கெல்லாம் உஷ்ணம் 150 டிகிரியை எட்டுவது அரிது, இரு பக்கமும் பெரும்பாலும் ஒரே சூடு, அழுத்தமும் சொற்பம். அந்தச் சூழ்நிலையில் அது பெற்ற வெற்றி முற்றிலும் நியாயமானது. வெளிப்போக்கு மூட்டிலும் அது வெல்லும் என்ற நம்பிக்கை அங்கே சம்பாதித்த நற்பெயரின் பேரில் எழுந்ததே தவிர, பசையின் சுபாவத்தைப் பார்த்து எழுந்ததன்று.

அந்தச் சுபாவத்தைச் சூட்டில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சிலிகான் சங்கிலியின் இருபுறமும் தொங்கும் மெதில் கொத்துகள் கரியால் ஆனவை. உஷ்ணம் 250 டிகிரியைக் கடந்து ஏற ஏற, காற்றிலுள்ள பிராணவாயு அவற்றைத் தாக்குகிறது. அவை கழன்ற இடங்களில் சங்கிலிகள் புதிதாகப் பின்னிக்கொள்ள, ரப்பர் விறைத்துப்போகிறது. பசைக்குச் செந்நிறம் தரும் இரும்பு ஆக்ஸைடு இந்தத் தாக்குதலைத் தாமதப்படுத்துவதற்காகச் சேர்த்தது, அழகுக்காக அன்று. செம்பு நிறத்தில் வரும் ரகம் 370 டிகிரி வரை இடையிடையே தாங்கும் என்பார்கள். அதற்கும் மேலே, சங்கிலியின் எந்த நெகிழ்ச்சி அதன் பெருமையாக இருந்ததோ அதுவே அதற்குச் சத்துருவாகிறது: சங்கிலியின் நுனி வளைந்து தன் உடலையே தொட்டு, மூன்று நான்கு கண்ணிகள் கொண்ட சிறு வளையங்களாக அறுந்து ஆவியாகிப் பறந்துவிடுகிறது. எஞ்சுவது வெண்ணிறமான மணல்தூள். பழைய மேனிஃபோல்டைக் கழற்றும்போது முகத்தின் உட்புறம் உதிரும் அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்து, யாரோ சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு.

உஷ்ணத்தைக் கண்ணாலேயே அளந்துவிட ஒரு பழைய உபாயம் இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-ல், எந்தத் திடப்பொருளானாலும் ஏறத்தாழ 525 டிகிரியில்தான் இருட்டில் மங்கிய செந்நிறமாக ஒளிரத் தொடங்குகிறது என்பதை நிறுவினார். மலைப்பாதையில் நெடுநேரம் ஏறிவந்த வண்டியின் பானெட்டை இரவில் திறந்து பார்க்கையில் மேனிஃபோல்டு செம்மை பூத்திருக்குமானால், அந்த இரும்பின் உஷ்ணம் 525-ஐத் தாண்டிவிட்டது என்று எந்தக் கருவியுமின்றிச் சொல்லிவிடலாம். 370-க்கு மேல் ஏலாது என்று ஒப்புக்கொண்ட பசை அந்த இரும்பின் முகத்தில் என்ன பாடுபடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் பசையின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வாயுவின் உஷ்ணம் வேறு, உலோகத்தின் உஷ்ணம் வேறு. மூட்டின் முகமாக அமைந்த கனமான ஃபிளாஞ்ச் என்னும் விளிம்பு வெளிக்காற்றுக்குச் சூட்டை ஓயாமல் இழந்துகொண்டே இருப்பதால், உள்ளே பாயும் வாயுவைவிட அது வெகுவாகக் குளிர்ந்திருக்கும். ஹெட்டை ஒட்டிய பக்கமோ உள்ளே ஓடும் நீரால் மேலும் குளிர்கிறது. மிக மெல்லிய படலமாகத் தடவிய பசையின் உள்விளிம்பு கருகி மணலாகி, அந்த மணலே உள்ளேயிருக்கும் பகுதிக்குக் கவசமாகிவிடுவதும் உண்டு. பசையில் செய்த மூட்டுகள் சில மாதக்கணக்கில் நின்றுவிடுவதன் ரகசியம் இது. பந்தய வண்டிக்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும், இயந்திரத்திலிருந்து தள்ளியிருக்கும் மூட்டுகளில் செம்பு நிறப் பசையை நம்பிக்கையோடு பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அனுபவம் பொய்யன்று.

ஆனால், உஷ்ணம் ஒன்றே சத்துருவாக இருந்திருந்தால் என்றேனும் ஒருநாள் அதைத் தாங்கும் பசையைச் செய்து இந்த விவகாரத்தை முடித்துவிடலாம். என் அபிப்பிராயத்தில் இன்னும் பெரிய சத்துரு, சூட்டினால் உண்டாகும் அசைவு. கணக்கைப் போட்டே பார்ப்போம். நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, குளிர்ந்த நிலையிலிருந்து 600 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். இரும்பு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு வீதம் விரியும். ஆக மேனிஃபோல்டின் நீளம் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் கூடுகிறது. அதனுடன் இணைந்திருக்கும் அலுமினிய ஹெட், அலுமினியத்தின் விரிவு இரும்பைப் போல் இரு மடங்கானாலும், நீர்க் குளிர்ச்சியில் 80 டிகிரி மட்டுமே ஏறுவதால், முக்கால் மில்லிமீட்டர் அளவே விரிகிறது. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். மத்தியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கோடியிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை வண்டி சூடேறும்போதும் மேனிஃபோல்டின் கோடிகள் ஹெட்டின் முகத்தின்மேல் அந்தத் தூரம் வழுக்கிச் செல்லப் பார்க்கின்றன. ஆறியதும் திரும்பி வருகின்றன. இதை உத்தேசித்தே, வடிவமைப்பவர்கள் நடுத்துளைகளை நெருக்கமாகவும் கோடித் துளைகளை அகலமாகவும் விடுகிறார்கள். வழுக்குவதற்கு இசைவாகத் தகட்டின் மேல்பூச்சையும் தேர்ந்தெடுக்கிறார்கள். பேக்கிங் தகடு முகங்களோடு ஒட்டிக்கொள்வதில்லை. நெருக்கத்தால் நிற்கிறது, ஆகவே வழுக்கவும் செய்கிறது.

பசையோ ஒட்டிக்கொள்வதையே தர்மமாகக் கொண்டது. போல்ட்டை முறுக்கியதும் அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள படலமாக ஒடுங்கிவிடும். அந்தப் படலத்தின் ஒரு முகம் ஹெட்டிலும் மறுமுகம் மேனிஃபோல்டிலும் ஒட்டியிருக்க, மேனிஃபோல்டு ஒரு மில்லிமீட்டர் நகருமானால், படலம் தன் கனத்தைப் போல் ஐந்து மடங்கு பக்கவாட்டில் இழுபடும். புதிதாக உறைந்த சிலிகான் ரப்பர் அறை உஷ்ணத்தில் அறுபடுமுன் மூன்று நான்கு மடங்கு நீளலாம். சூட்டில் விறைத்துப்போனதற்கு அதில் சிறு பகுதியும் ஏலாது. உண்மை வண்டியில் ஸ்டட் முளைகள் இந்த நகர்ச்சியை ஓரளவு தடுத்துவிடுகின்றன என்பது மெய்யே. அந்தத் தடையின் பலனாக ஒன்று மேனிஃபோல்டு வளைகிறது, அல்லது கோடியிலுள்ள முளை ஒருநாள் அறுகிறது. கோடி முளைகளே அடிக்கடி அறுவதைக் கண்ட மெக்கானிக்குகள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. விடையை மட்டும் நன்கு அறிவார்கள்.

உறையும் விதத்திலும் ஒரு சங்கடம் உண்டு. ஈரம் காற்றிலிருந்து வர வேண்டும். இரு உலோக முகங்களுக்கிடையே அடைபட்ட பசைக்கு ஈரம் ஓரங்கள் வழியாக மட்டுமே ஊறிச் செல்ல முடியும். முதல் நாளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் உறைந்துவிட்டால், அதைப்போல் இரு மடங்கு ஆழம் உறைவதற்கு இரண்டு நாள் போதாது, நான்கு நாள் வேண்டும். ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியே வளரும். பசையைத் தடவிய ஒரு மணி நேரத்தில் இயந்திரத்தைக் கிளப்பினால், மேல்தோல் உறைந்து உள்ளே குழம்பாயிருக்கும் படலத்தின்மீது வினாடிக்கு நூறு அடி விழுகிறது. அது ஒரு புறமாகப் பிய்த்துக்கொண்டு போவதில் வியப்பில்லை.

சிலிகான் இனத்தைச் சேராத மற்றொரு பசையும் கடைகளில் கிடைக்கிறது. சாம்பல் நிறத்தில் களிமண் போலிருக்கும் அது, சோடியம் சிலிக்கேட் என்னும் நீர்க்கண்ணாடியில் களிமண், தாதுப்பொடி முதலியவற்றைக் குழைத்தது. உலைச் செங்கல்லுக்கிடையே பூசும் சாந்துக்கு உறவு. சூட்டைப் பொறுத்தவரை இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆயிரம் டிகிரியையும் தாங்கும். கரிச்சத்தே இல்லாததால் எரிவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் இது உறைந்தால் கல், வளையத் தெரியாது. நான் மேலே சொன்ன வழுக்கலை ஒரு முறை கண்டால் வெடிப்புவிட்டுத் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். உறைவதற்கு ஈரம் போக வேண்டும் என்பதால், தடவியவுடன் இயந்திரத்தை ஓங்கி முடுக்கினால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிப் பசையை நுரைக்கச் செய்யும். நுரைத்த கல்லில் துளைகள் ஏராளம். உறைவு நிறைவடையாத நீர்க்கண்ணாடி நீரில் கரையவும் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது என்பதையும், குளிர்ந்த காலையில் சைலன்ஸரின் வால்முனையிலிருந்து சொட்டுவது அந்த நீரே என்பதையும் நினைவில் கொண்டால், வெளிப்போக்குக் குழாயில் நீருக்குப் பஞ்சமில்லை என்பது புலப்படும்.

கசிவினால் வரும் தீங்கு காதைப் புண்படுத்தும் டப்டப் ஓசையோடு நின்றுவிடுமானால், இதைப் பற்றி இவ்வளவு பேச அவசியமில்லை. பழைய கார்ப்யுரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. நிலைமை மாறியது, 1976-ல் பாஷ் நிறுவனம் செய்த லாம்டா சென்ஸர் என்னும் பிராணவாயு உணர்கருவி, அமெரிக்காவில் விற்ற வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றபோது. ஸிர்கோனியாவாலான குப்பி ஒன்றின் உள்ளும் புறமும் பிளாட்டினம் பூசிய இக்கருவி, வெளிப்போக்கு வாயுவில் பிராணவாயு மிஞ்சியிருந்தால் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவும், பெட்ரோல் மிஞ்சியிருந்தால் பத்தில் ஒன்பது பங்கு அளவும் மின்னழுத்தம் காட்டும். அதைப் படித்து இயந்திரத்தின் கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், ஈயமற்ற பெட்ரோலும் கன்வெர்ட்டர் பொருத்திய புதிய கார்களும் வந்த பிறகு, படிப்படியாக இந்த ஏற்பாடு நம் வண்டிகளிலும் குடியேறியது.

இப்போது மேனிஃபோல்டு மூட்டில் ஒரு கசிவு இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியாக வாயு வெளியே போகும் என்பது தெரிந்ததே; காற்று உள்ளேயும் வரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மூச்சும் குழாயில் பாய்ந்து சென்ற பின்னர் அதன் பின்னாலே அழுத்தம் வளிமண்டலத்துக்கும் கீழே இறங்கும் ஓர் அலை தொடர்கிறது. அந்த நொடியில் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்ஸர் அந்தக் காற்றின் பிராணவாயுவைக் கண்டு, இயந்திரம் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது என்று செய்தி அனுப்ப, கணிப்பொறி தேவையின்றி மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. மைலேஜ் குறைகிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து அதைச் சுட்டுக் கெடுக்கிறது. கசிவை அடைக்கச் சென்ஸருக்கு முன்னால் சிலிகானைத் தடவினாலோ இன்னொரு தொல்லை: சூட்டில் பறக்கும் வளைய மூலக்கூறுகள் சென்ஸரின்மேல் எரிந்து மெல்லிய மணற்படலமாகப் படிந்து, பிளாட்டினத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். சென்ஸருக்குத் தீங்கற்றது என்று அச்சிட்டு விற்கும் ரகங்களில் ஆவியாகும் பகுதியை முன்னரே குறைத்திருப்பார்கள். அது எண்ணெய்த் தொட்டியில் தடவும் பசைக்குச் சொன்ன உறுதி. 500 டிகிரியில் சிதையும் பசைக்கு அது பொருந்தாது.

மனித உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் ஒன்று இருக்கிறது. கசியும் வாயுவில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு. நிறமோ மணமோ இல்லாத அது, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான ஆசையோடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வது. இயந்திர அறையில் கசிந்தது, முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் காற்றுவாய் வழியாக, ஜன்னல்களை மூடி ஏ.ஸி. போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்து சேரக்கூடும். கன்வெர்ட்டர் இந்த வாயுவை மாற்றிவிடும் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. கசிவு கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே அல்லவா இருக்கிறது?

அப்படியானால் பசைக்கு வெளிப்போக்குக் குழாயில் இடமே இல்லையா? உண்டு, சூடும் அசைவும் இரண்டுமே அடங்கிப்போன இடத்தில். கன்வெர்ட்டருக்குப் பின்னால், ஒரு குழாய் இன்னொன்றுக்குள் செருகி மேலே கிளாம்ப் போட்டு இறுக்கும் செருகு மூட்டுகள் அதற்கு உகந்தவை. அங்கே சாம்பல் நிறப் பசையை மெல்லியதாகத் தடவிச் செருகி, இயந்திரத்தைப் பத்து நிமிஷம் முடுக்காமல் மெதுவாக ஓடவிட்டு ஈரத்தை வெளியேற்றினால், அது வருஷக்கணக்கில் நிற்கும். அதே பசையை மேனிஃபோல்டுக்குக் கீழே சுருள்வில் போல்ட்டுகளுடன் இருக்கும் வளைய மூட்டில் தடவுவது பெருந்தவறு. இயந்திரம் ரப்பர் தாங்கிகளின்மேல் முன்னும் பின்னும் ஆடுவதற்கு இடம்கொடுக்கவே அந்த மூட்டைப் பந்துபோல் உருண்டையாக அமைத்திருக்கிறார்கள். அதைக் கல்லாக்கிவிட்டால், ஆட்டம் முழுவதும் அடுத்த பற்றவைப்பில் போய் விழும். குழாய் அங்கே வெடிக்கும்.

மேனிஃபோல்டு மூட்டுக்கோ குறுக்கு வழி கிடையாது. இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு கழற்றி, பழைய பேக்கிங்கையும் கரியையும் சுரண்டி எடுக்க வேண்டும். அலுமினிய முகத்தில் அரம் தேய்க்கும் இயந்திரத்தை ஓட்டினால் ஒரு கோணலைத் தீர்க்கப் போய் வேறொன்றை உண்டாக்கியதாகும். நேர்விளிம்புப் பட்டையை முகத்தின்மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்த்து, வண்டியின் கையேட்டில் கொடுத்திருக்கும் அளவுக்கு மேல் நுழையுமானால் மேனிஃபோல்டைச் சமதளமாக இழைக்கக் கொடுக்க வேண்டும். அதன்மேல் புதிய தகட்டை உலர்ந்த நிலையிலேயே வைத்து, நடுவிலுள்ள நட்டுகளில் தொடங்கி இரு கோடிகளையும் நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகக் கையேட்டின் அளவுப்படி டார்க் ஸ்பானரால் முறுக்க வேண்டும். கிராஃபைட் தகடானால் முதல் சூட்டில் சற்று அமுங்கும். ஆறியபின் மறுபடி முறுக்கும்படி கையேடு சொல்லியிருந்தால் அதையும் தவறாமல் செய்ய வேண்டும். முன்பு யாரேனும் சிவப்புப் பசை தடவியிருந்தால், வெள்ளைப் பொடியாகாமல் மிஞ்சிய ரப்பர்த் துணுக்குகள் வெளியோரத்திலும் துளை ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோலில் நனைத்தாலும் அவை ஊறிப் பருக்குமே தவிரக் கரையமாட்டா. மரத்தாலோ பித்தளையாலோ ஆன சுரண்டியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்த பிறகே புதிய தகட்டை உறையிலிருந்து வெளியே எடுக்கலாம்.